ததேயூஸின் கன்னத்தில் வந்த அபூர்வம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பொழியூர் கடற்கரையில் கால்பந்தாட்டம் என்றால் வர்ணனை மைக் ததேயூஸின் கையில்தான் இருக்கும். ஆயுசெல்லாம் கடலுக்குப் போன மனிதர். எழுபது தாண்டி வலையை விட்டபிறகும் மைக்கை விடவில்லை. தமிழில் தொடங்கும் அவர் வாக்கியம் மலையாளத்தில் முடிவதற்குள் பந்து கோலுக்குள் கிடக்கும்.

போன டிசம்பரில் அவருடைய இடது கன்னத்தில் சிவப்பாக ஒரு கட்டி வந்தது. வலியில்லை. கொசு கடித்தது என்றார். கிறிஸ்துமஸுக்குள் அது நெல்லிக்காய் அளவில் பளபளவென்று நின்றது. மகள் ரெஷ்மா அவரை நெய்யாற்றின்கரையில் தோல் டாக்டர் பிரசீதாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

வெயிலில் காய்ந்த வயதான முகம், வலிக்காமல் விறுவிறுவென்று வளரும் கட்டி. படிக்கிற காலத்தில் பாடத்தில் மட்டும் பார்த்த ஒரு பெயர் பிரசீதாவுக்கு ஞாபகம் வந்தது. வெளியே சொல்லவில்லை. அன்றைக்கே கட்டியில் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

லேபிலிருந்து கூப்பிட்டதும் பிரசீதா ஓடினார். மைக்ராஸ்கோப்பில் நெருக்கமாகச் சின்னச் சின்ன நீல செல்கள். நுரையீரல் புற்று பரவினாலும் இப்படித்தான் தெரியும். ஆனால் ஸ்கேனில் நுரையீரல் சுத்தம். பிறகு தனிச் சாயம் ஏற்றிய ஸ்லைடு வந்தது. செல்லுக்குச் செல், உட்கருவை ஒட்டி ஒரு பழுப்புப் புள்ளி. நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. மெர்க்கெல் செல் கார்சினோமா. பாடத்தில் பார்த்த அதே பெயர்தான். நினைத்தது சரிதான் என்ற சந்தோஷம் ஒருபக்கம், அது அந்த மனிதரின் முகத்தில் இருக்கிறதே என்ற பதற்றம் மறுபக்கம்.

ததேயூஸிடம் எதையும் மறைக்கவில்லை. தோலில் வரும் புற்றுநோய், மிக அபூர்வம், வேகமாகப் பரவும், உடனே எடுத்தால் நல்ல வாய்ப்பு உண்டு என்றார். ரெஷ்மா அழுதாள். ததேயூஸ் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“டாக்டர் இதுக்கு மின்னே ஆருக்கும் பாத்ததில்லியா?”

“இல்லை அப்பச்சா. நேரில் பார்க்கிறது இதான் முதல் தடவை.”

“அப்போ எனக்கும் அதைக் காணணும்.”

லேபுக்குக் கூட்டிப்போனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ததேயூஸ் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, “வெட்டினா எனக்க வாய் கோணுமா? ஈஸ்டருக்கு பைனல் உண்டு” என்றார். வாய்க்குப் போகும் நரம்பை விட்டுத் தள்ளித்தான் கட்டி இருக்கிறது என்று பிரசீதா படம் வரைந்து காட்டினார்.

ஜனவரியில் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. புற்று முதலில் பரவக்கூடிய கழுத்து நெறிக்கட்டியையும் எடுத்துச் சோதித்தார்கள். அதில் பரவவில்லை என்று பிரசீதாவே ரெஷ்மாவுக்குப் போன் செய்தார். ரேடியேஷனும் முடிந்தது. வாய் கோணவில்லை.

பைனலின் இடைவேளையில் ததேயூஸ் தன் கட்டியின் முழுப் பெயரையும் மைக்கில் சொன்னார். முகத்தில் வலிக்காமல் எது வளர்ந்தாலும் டாக்டரிடம் காட்டச் சொன்னார். அடுத்த வாரம் பிரசீதாவின் வாசலில் கடற்கரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பெரும்பாலும் பரு, மரு, பழைய தழும்பு. அவர் ஒவ்வொருவர் முகத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் அனுப்பினார்.