கிளட்ச் எட்டவில்லை

காரின் தோல் சீட்டுகள் வெயிலில் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தன. இன்று காலை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தேன்.

மதியம் போனதும் கடைக்காரர், "அழுக்கு மொத்தமும் எடுத்துட்டேன்க்கா. கண்டிஷனரும் தேச்சிக்கீறேன். எவ்ளோ மெத்துன்னு கீது பாருங்க" என்றார்.

உண்மைதான். ஆனால் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் கால் கிளட்சை எட்டவில்லை. துடைப்பதற்காக சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கிறார்.

என் கணவர் லீவில் வரும்போதெல்லாம் இப்படித்தான். ஆறடி மனிதர். ஓட்டிவிட்டு சீட்டை அப்படியே விட்டுப் போவார். மறுநாள் காலை நான் கத்துவேன்.

அவர் கப்பலுக்குத் திரும்பியதிலிருந்து இந்த சீட் நகரவே இல்லை.

"சாரிக்கா, முன்னாடி இழுத்து வுடட்டா?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் தம்பி."

கால் எட்டாமலேயே உட்கார்ந்து அவருக்கு மெசேஜ் அனுப்பினேன்: "சீட்டைப் பின்னாடி தள்ளிட்டு அப்படியே போறதே உங்களுக்கு வேலையாப் போச்சு."

இன்னும் ஒற்றை டிக்தான். நடுக்கடலில் சிக்னல் கிடைக்க வேண்டுமே.

உங்கள் வீட்டில் சீட்டை நகர்த்திவிட்டுப் போகிறவர் யார்? இன்று எனக்கும் சேர்த்து ஒருமுறை திட்டிவிடுங்கள்.