சிவப்பு ஸ்டிக்கர்

எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகம் முதலில் மாடிப்படிக்கு அடியில் இரண்டு அறைகளில் இருந்தது. சட்டைக் கம்பெனி மூடிய பிறகு நான்கு மாடி ஆனது. கூலி மலிவு என்று கம்பெனிக்காரன் மெஷின்களைக் கப்பலேற்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனான். மூவாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பெயரைப் பதிய ஆள் வேண்டும், பதிந்ததைச் சரிபார்க்க ஆள் வேண்டும், சரிபார்ப்பவர்களை மேய்க்க அதிகாரி வேண்டும். ஊரில் வேலை போகப் போக எங்களுக்கு நாற்காலி கூடியது. எனக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்ததே அப்படித்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

செக்கரக்கா எனக்கு அடுத்த மேஜைக்கு வந்தார். அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் சட்டைகளைச் சோதித்து அனுப்பும் செக்கராக இருந்தவர். புதிதாகப் போட்ட நூறு தற்காலிக இடங்களில் ஒன்று அவருக்கு விழுந்தது. விரல் நுனியால் விண்ணப்பத் தாளைத் தடவித் தடவித்தான் படிப்பார். "என்னக்கா, பாரத்துல பொத்தான் காணோமா?" என்று ஒருநாள் நான் சீண்டியதற்கு, "உங்க சட்டையில ரெண்டாவது காஜா பிரிஞ்சிருக்கு, முதல்ல அதைப் பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன், பிரிந்துதான் இருந்தது.

அந்த மாதம் நீர்வாரியத்தில் நானூறு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் வாங்கினோம். வந்தது பதினோராயிரம். பிழையுள்ள பாரங்களில் ஒட்டுவதற்கு இரண்டு ஸ்டிக்கர் சுருள் கொடுத்தார்கள். மஞ்சள் என்றால் ஆளைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் தள்ளுபடி. இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. தெரியாதவர் யார் இருக்கப்போகிறார்கள் என்று யாரும் அக்காவுக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கம்பெனியில் சிவப்பு ஸ்டிக்கர் என்றால் ஆல்டர். தையல் விட்ட இடத்தில் ஒட்டினால் சட்டை ஆல்டர் மேஜைக்குப் போய், சரியாகி, மறுபடி செக்கரிடமே வரும். தேறவே தேறாத சட்டைக்கு ஸ்டிக்கர் கிடையாது, கத்தரிக்கோலால் காலரில் ஒரு வெட்டு. அக்கா மஞ்சள் சுருளைப் பிரிக்கவே இல்லை. ஒன்பது நாளில் இருநூற்றுப் பதினேழு பாரங்களில், பிழைக்குப் பக்கத்திலேயே, கோணாமல் சிவப்பை ஒட்டினார். அந்தக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் பிரிவில் போட்டவன் நான். அக்கா கறாரான ஆள்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அதில் ஒன்று அவருடைய தம்பியின் பாரம். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், ஒன்றரை வருஷமாக வீட்டில் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டினால் அரசு வேலைக்கு எடுக்கமாட்டார்கள். தம்பிக்கு நாற்பது முடிய இருபத்துமூன்று நாள்தான் பாக்கி. பிறந்த தேதியில் எட்டு என்று எழுத வேண்டிய இடத்தில் மூன்று என்று எழுதியிருந்தார். அப்படியே விட்டால் மேலே யாராவது கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்துதான் அக்கா அதிலும் ஒட்டியிருக்கிறார். அலுவலக விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பது மட்டும் சுற்றறிக்கையில் இருந்தது. அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை.

பத்து நாள் கழித்து என்னிடம் கேட்டார்.

"ஏன் சார், நான் ஒட்டினது ஒண்ணுகூடத் திரும்பி வரலையே?"

"எதைக் கேக்கறீங்க?"

"செவப்பு ஒட்டினதைத்தான். ஆல்டர் பண்ணி எங்கிட்டதானே வரணும்?"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா எழுந்து விறுவிறுவென்று கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். பட்டியல் முந்தின நாளே மேலிடத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து எங்கள் அதிகாரியிடம் போனோம். நாங்கள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"இப்ப வாயைத் திறந்தா மொத்தப் பட்டியலையும் நிறுத்தணும். கேஸ், கோர்ட்டுன்னு போகும். உங்க வேலையும் போகும், இவர் வேலையும் போகும்."

இவர் என்றது என்னை. நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

அக்கா தம்பியிடம் மறைக்கவில்லை. துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். கட்டிங் மாஸ்டர் மகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அளவெடுக்காமலே கத்தரி நேராக ஓடியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார்.

"செவப்பா ஒட்டினே?"

"ஆமாண்டா."

"நானா இருந்தாலும் அதைத்தான் ஒட்டியிருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் அக்கா அன்றைக்கு அழுதாவது இருப்பார்.

தள்ளுபடியானவர்கள் வாசலில் கூட்டம் போட்டதால், அரசு மேல்முறையீட்டுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியது. அதற்கு முப்பது நிரந்தர இடங்கள். அதிகப் பிழை கண்டுபிடித்தவர் என்று முதல் உத்தரவே அக்கா பெயருக்கு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போனவரைத் தடுத்தது தம்பிதான்.

"ரெண்டு வீட்டு அடுப்பும் உன்னாலதான் எரியுது. போய் அந்த வேலையில சேருக்கா."

சேர்ந்தார். முதல் நாள் அவருடைய ஜன்னலில் ஐந்தாவது ஆளாகத் தம்பி நின்றார். மேல்முறையீட்டில் ஜெயித்தாலும் அடுத்த தேர்வுக்குத்தான் எடுப்பார்கள், அதற்குள் அவருக்கு நாற்பது தாண்டிவிடும். இருவருக்கும் அது தெரியும். அக்கா மனுவை வாங்கி முத்திரை குத்தினார். பின்னால் வரிசை நெருக்கியது, பக்கத்து மேஜையில் மேற்பார்வையாளர் இருந்தார்.

"முப்பது நாள்ல பதில் வரும்" என்றார் அக்கா, நிமிராமல்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தம்பி அடுத்தவருக்கு வழிவிட்டார்.