கருங்கல் சுவரின் சத்தம்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு இருபது. அரைநாள் பள்ளி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்துச் சுவர்க்கடிகாரம் அந்த நேரத்தைக் காட்டியது. அதன் கீழே என் மகள் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். நெற்றியோரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. மடியில் என் மகனின் கைக்குழந்தை, தன் அத்தையின் விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான். பார்க்கப் பார்க்க ஆசை தீராத காட்சி. நான் அதைப் பார்த்து அலறினேன்.

என் மகளுக்குக் கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு இளைத்துக்கொண்டே போகும். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் அவளுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு வெறும் தண்ணீர். கழுத்துச் சுரப்பிக்கு அயோடின் என்றால் அப்படி ஒரு பசியாம்; இந்த மருந்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும், உள்ளிருந்தபடியே மருந்து அதன் வேகத்தைக் குறைக்கும். கொடுப்பதற்கு முன்பே அங்கிருந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி எங்களை உட்காரவைத்துப் பேசினார். மருந்து எச்சிலிலும் வியர்வையிலும் கசியும், அதனால் பத்து நாள் தனி அறை, தனித் தட்டு. கைக்குழந்தையும் கர்ப்பிணியும் பக்கத்தில் வரக்கூடாது. உங்கள் வீட்டில் இது முடியுமா என்று கவலையோடு கேட்டார். முடியும் என்று உடனே சொன்னேன். பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் ஒதுங்கி இருக்கும் அறை.

வினையும் அந்த அறையிலிருந்தே வந்தது. பாயையும் தட்டையும் சொம்பையும் என் நாத்தனார் தாமே கொண்டுபோய் வைத்தார். பத்து நாள் என்று நான் சொன்னதற்குத் தலையும் ஆட்டினார். ஆனால் காலம் காலமாக அந்த அறைக்கு ஒரே கணக்குத்தான். நான்காம் நாள் காலை நான் பள்ளிக்குப் போனதும் வெந்நீர் வைத்து, அவள் தலைக்கு ஊற்றி, மஞ்சள் பூசி, உள்ளே அழைத்து வந்துவிட்டார். இன்னும் நாள் இருக்கிறது என்று மகள் தயங்கியிருக்கிறாள். “தலைக்குத்தான் ஊத்தியாச்சில்ல, இன்னும் என்ன புள்ள” என்று சொல்லிக் குழந்தையை மடியில் வைத்தவரும் அவரே.

என் சத்தம் கேட்டு மகள் குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். பின்னறைத் தாழ்ப்பாள் விழுந்தது. நாத்தனார் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். “நீங்க படிச்ச டீச்சரு. எனக்குத் தெரிஞ்சது அந்த ரூமுக்கு மூணு நாளுங்க. நா என்ன கெடுதலா நெனச்சேன்?” என்றார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

தபால் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டேன். அந்த அதிகாரியே பேசினார். குழந்தையின் வாயையும் கையையும் கழுவச் சொன்னார். கொஞ்ச நேர மடிதான், பயப்படாதீர்கள் என்றார். விரலைச் சப்பியதைச் சொன்னதும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். பிறகு, “நானே வந்து பாத்துடறேங்க” என்றார். அந்தப் பகல் நகரவேயில்லை. குழந்தை தும்மினாலும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்னறை வாசலில் வைத்த சோறு அப்படியே ஆறிக் கிடந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஜீப் வந்தது. அதிகாரி செருப்பைக் கழற்றிய கையோடு பெட்டியைத் திறந்து, கதிர்வீச்சை அளக்கும் ஒரு மீட்டரை எடுத்தார். முதலில் எங்கள் கருங்கல் சுவரில் வைத்தார். டிக், டிக் என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. பிறகு குழந்தையின் கழுத்திலும் வாயருகிலும் விரல்களிலும் வெகுநேரம் வைத்துக் கேட்டார். “எந்தக் கருங்கல்லுலயும் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்குங்க. புள்ளகிட்டயும் உங்க செவுத்துல கேட்ட சத்தந்தாங்க, அதுக்கு மேல ஒண்ணுமில்ல. புள்ள நல்லா இருக்கான்” என்றார். மருமகள் அழுதுவிட்டாள்.

நாத்தனார் மட்டும் விடவில்லை. “அந்த மருந்து வெஷங்களா?” என்று கேட்டார். அதிகாரி அடுப்பில் வெந்துகொண்டிருந்த களியைக் காட்டினார். கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்து எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது என்று கண்டுபிடிக்கவும் இந்த மாதிரிப் பொருளைத் துளி சேர்த்துப் பார்ப்பார்களாம். பெரிய குழாய்களை உடைக்காமலே பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே வகைதான். வெயில் எட்டாத தூரத்துக்குப் போகும் விண்கலம் இதன் சூட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறதாம். “எவ்வளவு, எவ்வளவு நேரம், எவ்வளவு கிட்ட. அத மட்டும் பாத்துக்கணுங்க.”

“அப்ப எங்க புள்ள கழுத்துல ராக்கெட்டு ஓடுதா?” என்றார் நாத்தனார். தாழிட்ட கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

அந்தக் கைக்குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சுரப்பி அடங்கிவிட்டதால் அதற்கு ஈடாக மகள் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை. அதே கடிகாரத்தின் கீழே அவன் அவள் மடியில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். பார்க்கும்போது இன்றும் முதலில் அந்தப் பகல் நினைவுக்கு வரும். அதன்பின் அந்த அதிகாரியின் குரல் வரும். அன்று மாலை, எங்களில் யாரும் நிற்கத் துணியாத பின்னறைக் கதவருகே அவர்தான் போய் நின்றார். கிட்டே வராதீர்கள் சார் என்று மகள் உள்ளிருந்து அழுதாள். அவர் நகரவில்லை.

“நா தெனமும் இதோடதாம்மா வேல பாக்கறேன். கதவத் தெற. உன்னால அவனுக்கு ஒண்ணும் ஆகல. இன்னும் ஆறு நாள் போவட்டும். அப்புறம் மொதல்ல நீதான் அவனத் தூக்கணும்.”