துக்க வீட்டுக் கல்

நான் முகம் மழிப்பது மடக்குச் சவரக்கத்தியில். பிளேடு மாட்டுகிற வகையல்ல. கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்துப் பழக்க வேண்டிய கத்தி. கடையில் விற்கிற சாணைக்கல் எனக்குப் பிடிப்பதில்லை. காவிரிக் கரையிலும், சரபங்கா ஆறு வற்றிக் கிடக்கிற இடங்களிலும் பொறுக்கிய கற்களைத் தட்டையாக்கி அவற்றில்தான் தீட்டுவேன். திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர், எடப்பாடிக்காரர். என் கல் பைத்தியத்தைக் கேலி பண்ணாமல் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள்.

போன சித்திரையில் அவருடைய அப்பா இறந்துபோனார். உடலை எடுத்த அன்றைக்கு என்னால் போக முடியவில்லை. சில நாள் கழித்துத் துக்கம் விசாரிக்கப் போனேன். நண்பர் மொட்டை அடித்திருந்தார். காதுக்கு மேலே ஒரு கீறல். அவர் அப்பாவின் கடைசி நாட்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் அந்தக் கீறலைப் பார்த்து, கத்தி சரியாகத் தீட்டப்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் லட்சணம் அன்றைக்கே அப்படித்தான் இருந்தது.

கை கால் கழுவக் கொல்லைப்புறம் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், குதிகால் தேய்க்கிற கல் ஒன்று கிடந்தது. கருநீலம். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் பட்டு மாதிரி. தண்ணீர் விட்டேன், கல் குடிக்கவில்லை. முத்து முத்தாக மேலேயே நின்றது. இந்த மாதிரி ஒன்றைப் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கல்லின் நயத்தை விரல் சரியாகச் சொல்லாது, உதடு சொல்லும். யார் யாரோ கால் தேய்த்த கல் என்பது தெரிந்தும் அதை எடுத்து உதட்டில் வைத்து மெல்ல இழுத்தேன்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

நண்பர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

கல்லை உதட்டிலிருந்து எடுத்தேன். "நல்ல கல்லுங்க," என்றேன்.

அவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "வேணும்னா எடுத்துக்கங்க," என்றார். அந்த இடத்தில் அவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். துண்டில் துடைத்து, பைக் பெட்டியில் வைத்தேன். இருந்த சந்தோஷத்தில், துக்க வீடு என்பதையே மறந்து, வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து "போயிட்டு வாரேனுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாளே கிரானைட் கடையில் கொடுத்து, சொரசொரப்பான பக்கத்தைச் சீவி எறிந்தேன். மிச்சத்தைக் கண்ணாடிமேல் சாணைத் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினேன். அதில் தீட்டிய கத்தி தாடையில் போனதே தெரியவில்லை. அத்தனை சுகம்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டில் நண்பர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அம்மா அந்தக் கல்லக் கேக்குதுங்க," என்றார். "அப்பாவுக்கு இடுப்பு போனதுல இருந்து குனிய முடியாது. தெனமும் சாயந்தரம் அம்மாதான் அந்தக் கல்லுல அவருக்குக் கால் தேய்ச்சு உடும். நீங்க எடுத்துட்டுப் போனத நான் சொல்லல. எப்படீங்க சொல்றது?"

"இப்பக் கேக்கறாங்களா?"

"அப்ப இருந்தே தேடுது. பக்கத்தூட்டு அக்கா, நீங்க வந்த அன்னைக்கு எங்க தொட்டியிலதான் குளிச்சுது. அதுதான் எடுத்துருச்சுன்னு அம்மா சண்டை புடிச்சு, ரெண்டு ஊட்டுக்கும் பேச்சில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கல்லை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரு பொய் தேடினேன். ஓமலூர் பக்கம் கிடைத்த வேறு கல் என்று சொல்லலாமா, தவறிப் பைக் பெட்டிக்குள் விழுந்துவிட்டது என்று சொல்லலாமா? அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, காலை நனைத்துக் குதிகாலில் வைத்துத் தேய்த்தார்.

"வழுக்குதே சாமி," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேற கல்லு கொண்டாரட்டுங்களா?" என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, வீட்டில் அலமாரி நிறையக் கல் வைத்திருக்கிறேன். குதிகாலில் தேய்க்க ஆகிற கல் ஒன்றுகூட அதில் இல்லை.

"கல்லு கெடக்குது," என்று எழுந்தார். "அவளத் திருடின்னு சொல்லிப்போட்டேன். வாங்க, நீங்களே வந்து சொல்லுங்க."

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தறியை நிறுத்திவிட்டு வந்து வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். எதற்காகக் கல்லை எடுத்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. கத்தி தீட்ட என்றேன். "அது நல்ல கல்லுன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்றார். உதட்டில் வைத்துப் பார்த்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய மகள் சத்தமாகச் சிரித்தாள். நண்பரின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பாப் பேசிப்போட்டேன் கண்ணு," என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

"மனசு நொந்துருச்சுங்கம்மா," என்றார் அவர். கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை. பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. நான் படியிறங்கி வந்து பைக் பக்கத்தில் நின்றேன்.

இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சு உண்டு என்று நண்பர் சொல்கிறார். பழைய மாதிரி இல்லையாம். கல்லை அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. அப்பாவின் வேட்டிகளோடு பெட்டியில் வைத்திருக்கிறாராம். நண்பரும் நானும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். புதிதாக ஏதாவது கல் கிடைத்ததா என்று அவர் கேட்பதில்லை. கிடைத்தாலும் நான் சொல்வதில்லை.