பாட்டையும் மாத்திடு

திருநின்றவூரில் செபாஸ்டியன் வீட்டில் பாத்திரம் துலக்குவது செபாஸ்டியன்தான். கல்யாணமான புதிதில் அருள்செல்விக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளாமல் கைத்தோல் உரிந்தபோது, பத்து நாளைக்கென்று ஏற்றுக்கொண்ட வேலை. கை ஆறிய பிறகு அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. சட்டைப் பையில் மியூசிக் பிளேயரும் காதில் ஒயருமாக நின்று, குக்கர் மூடியின் ரப்பரைக்கூடக் கழற்றித் தேய்ப்பார். சின்னப் பாட்டாக இருந்தால் பாத்திரத்தில் பிசுக்கு நிற்கிறது என்பது அருள்செல்வியின் புகார்.

ஆவடியில் டாங்கி செய்கிற ஃபாக்டரியில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர் அவர். ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம். அதைவிட முக்கியமான வேலை பங்குக் கோயிலில்: அங்கே பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர்தான். மேல்நாட்டு முறைப்படி இசையை எழுதவோ படிக்கவோ அவருக்குத் தெரியாது. குழுவின் பதினாறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு அவர் கண்டுபிடித்தது ஃபாக்டரி வழி. ஒரு சாமானை நாலு பாகமாகக் கடைந்து கடைசியில் பூட்டுவதுபோல, ஒவ்வொரு பாட்டையும் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலாகப் பிரித்துத் தனித்தனியே பாடவைத்துப் பதிவு செய்துவிடுவார். புதிதாகச் சேருகிறவர் தன் பாகத்தை ஒரு வாரம் காதில் போட்டுக் கேட்டுவிட்டு வந்து நின்றால் போதும்.

அப்படிப் பதினெட்டு வருஷத்துப் புதன்கிழமைப் பயிற்சிகள் அந்தப் பிளேயரில் இருந்தன. பாடியவர்களில் பாதிப் பேர் இப்போது ஓசூர், கோயம்புத்தூர், துபாய் என்று போய்விட்டார்கள். அவர்கள் பாடிவைத்த பாகங்கள் வேறெங்கும் எழுதி இல்லை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு வாரம். குழுவில் புதிதாக ஐந்து பேர்.

இந்தச் சமயத்தில்தான் பிளேயர் நிரம்பிவிட்டது. முப்பது ஜிபி ஹார்ட் டிஸ்க், குவைத்திலிருந்து மச்சான் கொண்டுவந்தது. ஒன்றை ஏற்ற வேண்டுமானால் ஒன்றை அழிக்க வேண்டும். செபாஸ்டியன் எதையும் அழிப்பவர் இல்லை. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் மகள் ரெனிதா, எல்லாவற்றையும் போனில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போனில் பாட்டு கேட்டால் நடுவில் ஒருத்தன் வந்து லோன் வேண்டுமா என்று கேட்கிறான் என்றார் அவர். அவள் சிரித்துவிட்டு, பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரியதைப் பொருத்தலாம் என்று தேடிப்பார்த்துச் சொன்னாள். நூற்றறுபது ஜிபி. அந்த எண்ணைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, என் சீமந்தத்துக்குக்கூட இந்த மனுஷன் இப்படிச் சிரிக்கவில்லை என்றாள் அருள்செல்வி.

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மாடியறையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அழகேசனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"டிஸ்க்கப் பெருசா போட்டுடு தம்பி. பாட்டையும் மாத்திடு."

"மாத்திடறேன் சார். பழைய டிஸ்க்கு வோணுமா?"

"எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்கோ" என்று தாராளமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் வாங்கிக்கொண்டார். மின்வண்டியில் கூட்டம், எடுத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் குழாயடிக்குப் போனார். முதல் தட்டில் சோப்புப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினால், காதுக்குள் பறையும் உறுமியும் சேர்ந்து இடித்தன. அடுத்த பாட்டு, அதற்கடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் சினிமா. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பாட்டு. ஆல்டோ இல்லை, பேஸ் இல்லை, ஒரு புதன்கிழமைகூட இல்லை.

ரெனிதா வாங்கிப் பார்த்துவிட்டு, கடையில் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை கேட்டாள். சொன்னார். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, பழசுல இருக்கறத புதுசுக்கு மாத்தச் சொன்னீங்க நீங்க. அவரு வேற பாட்டு போடச் சொல்றீங்கன்னு நெனச்சிருக்காரு."

செபாஸ்டியனுக்குப் பழைய டிஸ்க் ஞாபகம் வந்தது. அதைத் துடைத்து வேறு யாருக்காவது விற்றிருந்தால்? நுரைக்கையோடு கடைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அருள்செல்வி இதற்குள் பிளேயரைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, கத்தியால் பலகையில் தாளம் போட ஆரம்பித்திருந்தாள். அவர் முறைத்தார்.

"பாட்டு என்ன பண்ணிச்சு?" என்றாள் அவள். "கத்தறதா இருந்தா கடைக்காரர்கிட்டப் போய்க் கத்துங்க."

மறுநாள் ஃபாக்டரியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு முன்னதாகவே கிளம்பினார். சொல்லவேண்டியதையெல்லாம் வழிநெடுகக் கோத்துக்கொண்டு வந்தார். மாடிப்படியில் நாலு படி ஏறியதும் மேலேயிருந்து ஒரு குரல் அதட்டியது.

"ஆல்டோ, நடு வரில மூச்சு வாங்காதீங்க. வீட்டுக்குப் போய் மொத்தமா வாங்கிக்கலாம்."

அது அவருடைய குரல். அதன் பின்னால் பெண்கள் சிரித்தார்கள், யாரோ மைக்கைத் தட்டினார்கள், பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. செபாஸ்டியன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஆல்டோ குழுவிலிருந்து துபாய்க்குப் போய்விட்ட பெண்ணுடையது, ஒரு இழை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தார்.

அறைக்குள் அழகேசன் ஒரு போனைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பூக்கட்டும் பொன்னியம்மா, போனுக்குச் சார்ஜ் ஏற்ற வந்தவள், அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி" என்றார் செபாஸ்டியன்.

பொன்னியம்மா அவரைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள். "இன்னாபா அழகேசா, அந்த வாத்தியாரு பொட்டிய வுட்டு வெளிய வந்துட்டாரு."

பழைய டிஸ்க்கை அழிப்பதற்கு முன் சும்மா ஒன்றைத் திறந்து பார்த்ததாக அழகேசன் சொன்னான். பாட்டாக இருக்கும் என்று நினைத்தால் திட்டாக இருந்ததாம். நேற்று இவர் பிளேயரை வாங்கிக்கொண்டு போனதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை. சாயங்காலம் போன் அடித்தது கேட்டது, எடுத்தால் பாட்டை நிறுத்தவேண்டி வருமே என்று விட்டுவிட்டான்.

"இதெல்லாம் என்னோடது. புதுசுல இல்லையே" என்றார் செபாஸ்டியன்.

"நீதான சார் மாத்தச் சொன்ன?"

"மாத்தச் சொன்னேன். மாத்தச் சொல்லலையே தம்பி."

அழகேசன் உதவிக்குப் பொன்னியம்மாவைப் பார்த்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து, "ரெண்டு பேரும் கரீட்டாத்தான் சொல்லிகினு கீறீங்க" என்றாள்.

பழையதிலிருந்து புதியதற்கு ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகும் என்றான் அழகேசன். டீ வரவழைத்தான். சினிமாப் பாட்டுகளைத் தூக்கிவிடட்டுமா என்று கேட்டான். செபாஸ்டியனுக்கு முருங்கைக்காய்ப் பலகை ஞாபகம் வந்தது. இருக்கட்டும், இடம்தான் கிடக்கிறதே என்றார். ஸ்பீக்கர் அதுபாட்டுக்கு வருஷம் வருஷமாக நகர்ந்தது. இரண்டாயிரத்துப் பதிமூன்றில் அது அதட்டியது:

"அலெக்ஸு, எல்லாரும் எறங்கும்போது நீ மட்டும் ஏம்பா ஏர்ற? மாடில சொந்தக்காரங்க இருக்காங்களா?"

பொன்னியம்மா பூவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்த அலெக்ஸ் ஐந்து கிறிஸ்துமஸாக அதே இடத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறார், நாங்களும் நேற்றிலிருந்து பார்க்கிறோம் என்றான் அழகேசன்.

ஏற்றி முடிந்தது. செபாஸ்டியன் ஒயரைக் காதில் மாட்டி, பட்டியலை விரலால் உருட்டினார். இரண்டாயிரத்தெட்டு இருந்தது. ஒன்பது இருந்தது. டெனர், பேஸ், எல்லாம் இருந்தன. அதன் கீழே, இனி எத்தனை புதன்கிழமை வந்தாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதுபோல் காலியிடம். பழைய டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். ஸ்பீக்கர் பாதி வரியில் நின்றுபோயிருந்தது.

"அண்ணாத்தே, ஒண்ணே ஒண்ணு" என்றான் அழகேசன் எழுந்து நின்று. "அந்த அலெக்ஸு கடைசில எறங்கினாரா இல்லியா? அத மட்டும் சொல்ட்டுப் போ."

காதில் ஓடிய பாட்டில் அது கேட்காமல், செபாஸ்டியன் வலது கையால் காற்றில் மெதுவாக நாலு குரல்களையும் உள்ளே அழைத்துக்கொண்டே கதவைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.