கிரான்லி என்று முடியும் பெயர்கள்

அன்று காலை அப்பாவின் கைப்பேசியில் பேசியவர், பேருந்து நிலையத்துக்கு எதிரே பூ விற்கும் மல்லிகா அம்மா. "உங்க எஸ்தரு போயிட்டாங்கபா. விடிஞ்சும் கடை ஷட்டர் தொறக்கலியேன்னு மாடிக்குப் போய்ப் பாத்தோம். தூக்கத்துலயே போயிருக்காங்க" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'உங்க எஸ்தரு' என்று பூக்கார அம்மா சொன்னதுதான் காதில் நின்றது. யாராவது ஒருவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எஸ்தர் அத்தை பல ஆண்டுகள் தேடினார். அந்தத் தேடலில் கடைசி இரண்டு ஆண்டுகள் நானும் கூட இருந்தேன். நம் சபை இதழில் அதைப் பற்றி எழுத ஆயர் அனுமதி தந்தார்.

அவருடைய ஜெராக்ஸ் கடையை உங்களில் பலர் அறிவீர்கள். தறிக்காரர்கள் புடவை டிசைன் தாள்களோடும், மாணவர்கள் சான்றிதழ்களோடும் நிற்பார்கள். ஒன்பதாம் வகுப்பில், உதவித்தொகைக்காக ஆதார் அட்டையை நகல் எடுக்க நானும் அந்த வரிசையில் நின்றேன். அட்டையைக் கண்ணாடி மேல் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கெசியா கிரான்லியா? உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"சொந்த ஊர் ஐயம்பேட்டைங்க."

"நானும் கிரான்லிதான். எஸ்தர் கிரான்லி." பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததை அவர் கவனிக்கவே இல்லை. "உங்க அப்பாவுக்கு நான் தங்கச்சின்னு வெச்சிக்கோ. அத்தைன்னு கூப்பிடு, நீ எனக்கு மருமக. தப்பா இருந்தா அப்புறம் மாத்திக்கலாம்."

அத்தைக்கு யாரும் இல்லை. அம்மா அவர் பிறந்தபோதே இறந்தார். வளர்த்த அப்பா, "நம்ம பேர் இருக்கறவங்க எல்லாம் நம்ம ஜனம், தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். திருமணமும் ஆகவில்லை. "இந்த ஊர்ல நெசவுக்காரங்க வீட்டுல ஒரு சின்னப் பையனைக் கேட்டாக்கூட தாத்தனுக்குத் தாத்தன் பேரு சொல்றான். எனக்கு எங்கப்பாவுக்கு மேல ஒரு படி ஏறத் தெரியலடி" என்பார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய அலுவலக அறையில் உட்காருவோம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தை நான் படிப்பேன். அங்கே தகரப் பெட்டியில் இருந்த பழைய மிஷன் விடுதிப் புகைப்படங்களை அத்தை பார்ப்பார். படத்தை விளிம்பில் மட்டுமே பிடிப்பார். நான் ஒருமுறை விரலை வைத்துவிட்டேன். "மூஞ்சி மேல கை வெக்காதடி. அவங்களுக்குக் கூச்சமா இருக்காது?" என்றார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், முறை மூன்றையும் பென்சிலால் எழுதுவார். பேனாவைத் தொட விடமாட்டார். "மை ஒருநாள் முன்பக்கம் எட்டிப் பாக்கும்" என்பார். முறை தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைப்பார். பெரும்பாலான படங்களில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

முகங்களைப் பெரிதாக்கிக் கடைச் சுவரில் ஒட்டினார். "இன்னா எஸ்தரு, சுவரு பூரா மாமியாருங்களா?" என்று மல்லிகா அம்மா கேட்பார். "நாத்தனாருங்க. வாயே தொறக்க மாட்டாங்க, நிம்மதி" என்பார் அத்தை.

ஒரு நாள் பெட்டியின் அடியில் பெரிய படம் ஒன்று கிடைத்தது. விடுதி வாசலில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக. பின்னால் எழுதியிருந்த பெயர்கள் எல்லாமே கிரான்லி என்று முடிந்தன. நான்தான் யோசிக்காமல் சொன்னேன்: "எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசா இருக்குதே அத்தை. ஒருத்தர் ஜாடைகூட இன்னொருத்தருக்கு இல்ல."

கூரம் கிராமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ரூத் கிரான்லி இருக்கிறார் என்று அத்தை முன்பே கண்டுபிடித்திருந்தார். படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது குடும்பப் பேரு இல்லம்மா. பஞ்சத்துல தாய் தகப்பன் இல்லாம வந்த பிள்ளைங்க இவங்க. இவங்களை வளக்கறதுக்குச் சீமையிலிருந்து ஓர் அம்மா பணம் அனுப்புனாங்களாம். அவங்க பேரை எல்லாருக்கும் வெச்சிட்டாங்க. எங்க வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்க."

"அப்போ நாம?" என்றார் அத்தை.

"நீங்க யாரோ, நான் யாரோ. காப்பி குடிக்கிறீங்களா?"

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அத்தை படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். இறங்கும் இடத்தில், "இனிமே உனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் கூப்பிடு கெசியா" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தேடல் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒரு மாலை, பள்ளி விட்டு வந்த என்னைக் கடைக்குள்ளிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். மேசை முழுவதும், ஆயரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த அதே பெட்டியின் திருமணப் படங்கள். கையில் பூதக்கண்ணாடி.

"இது கல்யாணப் பொண்ணு. பக்கத்துல, தாய் நிக்கற எடத்துல யாரு நிக்கறா பாரு."

கழுத்தைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு ஓர் இளம்பெண் நின்றாள். அத்தை விடுதிப் படத்தை அருகில் நகர்த்தினார். பின்வரிசையில் அதே சாய்ந்த கழுத்து. அடுத்த திருமணத்தில் அந்தச் சாய்ந்த கழுத்தே மணப்பெண். அவள் அருகில், புருவத்தில் தழும்புள்ள வேறொரு விடுதிப் பெண். மாப்பிள்ளைகளுக்குத் தகப்பன் நிற்கும் இடத்தில் விடுதிப் பையன்கள். படம் படமாக அவர்களுக்கு வயதானது. நரைத்த தலையோடு, ஒருவர் பெற்ற பிள்ளையின் திருமணத்தில் மற்றவர் நின்றார். மறுநாளே பதிவேட்டை மீண்டும் திறந்து, அதுவரை நாங்கள் பார்க்காமல் தாண்டிய ஞானப் பெற்றோர் பத்தியை, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நின்றவர்களின் பெயர்களைப் படித்தேன். அங்கும் அவர்களே.

"பேரு யாரோ குடுத்தது" என்றார் அத்தை. "சொந்தத்த இவங்களே பண்ணிக்கினாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் தாயா நின்னுக்கினு இருந்திருக்காங்க. அப்பவே முடிவு பண்ணிட்டாங்கடி. நான்தான் லேட்டு."

"அப்போ அத்தைன்னே கூப்பிடலாமா?"

"வேற எப்படிக் கூப்பிடுவே?"

பள்ளிச் சுற்றுலாவில் திருமுக்கூடல் கோயிலின் சோழர் கல்வெட்டைப் பார்த்து நான் வியந்து நின்றிருக்கிறேன். அது அரசர்கள் வெட்டச் சொல்லி வெட்டியது. யாருமே இல்லாத இந்தப் பிள்ளைகளுக்கு எதையும் யாரும் சொல்லவில்லை. தாங்களாகப் போய் நின்றார்கள். அந்த மேசை முன்னால் வந்த வியப்பு இன்னும் எனக்குக் குறையவில்லை.

அதன் பிறகு அத்தையும் போய் நிற்கத் தொடங்கினார். ஒவ்வொரு கிரான்லி வீட்டுக்கும் படங்களின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாலாஜாபாத்தில் தாயில்லாத ஒரு கிரான்லி பெண்ணின் திருமணத்தில், பெண்ணின் தாயை அழைக்க வேண்டியவர்கள் தயங்குவதற்கு முன்பே தாய் நிற்கும் இடத்தில் பட்டுப்புடவையோடு நின்றுவிட்டார்.

அடக்கத்துக்குப் புறப்படும் முன் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பப் படம் எடுப்பது நம் வழக்கம். புகைப்படக்காரர், "குடும்பத்து ஆளுங்க மட்டும் மொதல்ல நில்லுங்க. மத்தவங்க அப்புறம்" என்றார். ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு ரூத் டீச்சர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். வாலாஜாபாத் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அப்பா வந்தார். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள்.

"இத்தனை பேருமா குடும்பம்?" என்றார் புகைப்படக்காரர்.

"இன்னும் ஒரு வேன் வந்துக்கினு இருக்குது. கொஞ்சம் இருப்பா" என்றார் ரூத் டீச்சர். பிறகு என் தோளைப் பிடித்து அத்தையின் தலைமாட்டில் நிறுத்தினார்.

சென்ற வாரம் அந்தப் படம் பிரதியாக வந்தது. அத்தையின் கடையிலிருந்து நான் கேட்டு வாங்கி வைத்திருப்பது அவருடைய பென்சில் ஒன்றுதான். அதைச் சீவி, படத்தை விளிம்பில் பிடித்துத் திருப்பி, இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரையும் ஊரையும் முறையையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். எந்த இடமும் வெறுமையாக இல்லை. கடைசியாக எழுதியது இது: கெசியா கிரான்லி, ஐயம்பேட்டை, மருமகள்.