கிழக்குப் பள்ளத்தை வரையாத நவமணி

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த நவமணி, கோலாலம்பூரில் ஒரு கடலாய்வுக் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கப்பலிலிருந்து எழுப்பும் ஓசை, கடல்தரையிலும் அதற்குக் கீழுள்ள மண் அடுக்குகளிலும் பட்டுத் திரும்பி, காகிதச் சுருளில் கோடுகளாகப் பதியும். அதை வரைபடமாக்குவது அவள் வேலை.

1984இல் ஐரோப்பாவின் வடகடலில் எடுத்த சுருள்கள் வந்தன. பனியுகத்துப் பனியாறுகள் தோண்டி, பிறகு சேறு மூடிய பள்ளத்தாக்குகளை அவற்றில் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே எண்ணெய் மேடையின் கால் நிற்காது. தலைமை ஆய்வாளர் கிரகரி இரண்டு பள்ளங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.

மேற்குப் பள்ளத்தை வரைந்தவள் கிழக்கில் நின்றுவிட்டாள். அதற்கு நேர் மேலே கடல்தரையிலேயே ஒரு பள்ளம். அளந்தாள். கீழே குறித்திருந்த பள்ளத்தில், ஓசை திரும்பிவர மேலே உள்ளதைப் போலச் சரியாக இரு மடங்கு நேரம், இரு மடங்கு சரிவு.

"சார், இது பள்ளம் இல்ல. தரையில பட்ட சத்தம் தண்ணியோட மேல்மட்டத்துல மோதி, திரும்பக் கீழ போயி வந்திருக்கு. வெறும் எதிரொலி."

"ரெண்டு பள்ளம்னு எண்ணெய்க் கம்பெனிகிட்ட நான் சொல்லியாச்சு. நீ கோடு இழுக்கிற டிரேசர்தானே? குறிச்சத வரை லா."

அவள் வரையவில்லை. அவள் ஊர் மலையிலேயே உள்ள பிரிஞ்சாங் ஓட்டலில் கூடிய கூட்டத்தில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள், கிழக்கு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார்கள். கிரகரி வாய் திறக்குமுன் நவமணி எழுந்து, கிழக்கில் இருப்பது எதிரொலிதான் என்று அளவுகோலை வைத்துக் காட்டினாள். மேற்குப் பள்ளம் நிஜம் என்பதற்கு, அதற்கு மேலே கடல்தரை சமமாக இருப்பதையும், குறுக்கே போன கப்பலின் சுருளிலும் அந்தப் பள்ளம் அதே ஆழத்தில் விழுந்திருப்பதையும் காட்டினாள். வாசலில் வைத்தே கிரகரி அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்.

பஸ் பிடித்து லயத்துக்கு வந்தவள் நடந்ததைச் சொல்ல, அம்மா செல்லம் கொழுந்துக் கூடையை இறக்கினாள். "துரைமாருங்க முன்னாடி எதுத்துப் பேசுனியா? இனி எங்கூட கொழுந்து கிள்ள வர்றியா?"

"வர்றேம்மா. இல்லாத பள்ளத்த மட்டும் வரைய மாட்டேன்."

நான்கு மாதம் கொழுந்து கிள்ளினாள். அதற்குள் கடலில் துளை போட்டுப் பார்த்துவிட்டார்கள். மேற்கே சேறு, கிழக்கே கெட்டிக் களிமண். திரும்பி வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சுருளைப் படித்தவள் என்று வரைபடத்தில் தன் பெயர் வந்தால் வருவதாக எழுதினாள். பதினொரு நாள் கழித்துத்தான் கிரகரி சம்மதித்தார். அச்சான படத்தில் அவர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இவள் பெயர் இருந்தது. நவமணி அதைத் திருப்பி அனுப்பி, சம அளவில் மறுபடி அச்சிட வைத்தாள்.